உங்களுக்குத் தெரியுமா? கல்லைத் தின்னும் இரும்பு!

தாம்பரம், பல்லாவரம் பக்கம் வீடு கட்டுகிறீர்களா? லாரியில் வந்து இறங்குகிற ஜல்லியை நொறுக்கியது யார் தெரியுமா? இம்பாக்ட் கிரஷருக்குள் சுழன்று சுழன்று பாறையை அறைகிற ‘ப்ளோ பார்’ பல இடங்களில் ஹை-குரோம் வார்ப்பிரும்புதான்!

உங்கள் வீட்டு 304 ரக எவர்சில்வர் டம்ளரில் குரோமியம் சுமார் 18 சதவீதம். ஹை-குரோம் இரும்பில்? 30 சதவீதம் வரை போகும்!

அத்தனை இருந்தும் டம்ளர் அளவுக்குத் துருவை அது தாங்காது! குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு ஒட்டிக்கொண்டு கார்பைடாகி விடுகிறது!

அந்தக் கார்பைடின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1,200-ஐத் தாண்டும். சில சமயம் 1,800-ஐத் தொடும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ்? ஆயிரம் சொச்சம்தான்!

மெருகேற்றி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். குறுக்கே வெட்டுப்பட்ட கார்பைடுகள் பளிச்சென்று அறுகோணமாகத் தெரியும். சிலவற்றின் நடுவில் ஓட்டை வேறு!

பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால்தானே இறுகும்? இதற்குத் தண்ணீரே வேண்டாம்! 950 முதல் 1,050 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, வெளியே எடுத்துக் காற்றாட விட்டால் போதும். தண்ணீரில் போட்டால் விரிசல் விட்டுவிடும்!

இன்னும் சூடேற்றினால் இன்னும் இறுகும் என்று கணக்குப் போடாதீர்கள். சூடு 1,100 டிகிரியைத் தாண்டினால் கடினம் ஏறாது, இறங்கும்!

இரும்பு உலைக்குப் போய் வந்ததா இல்லையா? ஒரு சாதாரண காந்தம் போதும், குட்டு உடைந்துவிடும்! வார்த்தெடுத்தபடியே இருக்கும் துண்டில் ஆஸ்டெனைட் என்ற, காந்தத்துக்கு மசியாத உள்ளமைப்பு நிறைய இருந்தால் காந்தம் சோம்பலாக ஒட்டும். உலைக்குப் போய் மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்பாகித் திரும்பியதும் ‘டக்’கென்று கவ்வும்!

குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் தொழிற்சாலை தோல் பதனிட்டது எதை வைத்து? குரோமிய உப்பை வைத்து! கிரஷர் இரும்பை இறுக்குவதும் அதே தனிமம்தான்!

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குரோமியத் தாது உண்டு. சந்திரயான்-2 ஒத்திகைக்கு நிலா மண் தயாரிக்க இஸ்ரோ தேடிப்போனதும் அதே வட்டாரப் பாறையைத்தான்!

பல்லாவரத்துக் கருங்கல் சாதாரணக் கல் இல்லை. அதன் பெயர் சார்னோகைட்! கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடப்பதும் இந்த ரகக் கல்தான். 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார்!

பல்லாவரத்தை ஒட்டிய திரிசூலம் மலைப்பாறை உருவாகிச் சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த மாதிரிப் பாறையைப் பொடிப்பொடியாக்கும் இரும்பு உலையின் உச்சச் சூட்டில் இருந்தது? சில மணி நேரம்தான்!