ஜீப்பும் நம் ஹைதராபாத்தும்

ஜீப்பின் இந்தியக் கதையில் நாம் பிழைக்க வந்த இந்நகருக்கும் ஓர் இடம் உண்டென்பதைப் பலர் அறியார்.

1945-இல் மகீந்திரா சகோதரர் இருவரும் குலாம் முகம்மதுவும் கூடி எஃகு வாணிபம் தொடங்கினர். குலாம் முகம்மது, முன்னர் ஹைதராபாத் நிஜாமின் அரசில் நிதி அமைச்சராயிருந்தவர். 1947-இல் தேசப் பிரிவினை நேர்ந்தது. அவர் பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். 1948-இல் 'மகீந்திரா அண்டு முகம்மது' என்ற பெயர் 'மகீந்திரா அண்டு மகீந்திரா' என்றாயிற்று. யுத்தத்தில் புகழ்பெற்ற அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து, பம்பாயில் வண்டிகளாகப் பூட்டத் தொடங்கியதும் அந்நாட்களிலேதான்.

அதன் சூட்சுமம் எளிது. பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கினால், தனியாயுள்ள ஒரு நெம்புகோலைத் தள்ளியதும் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும்.

நம் அன்பர் ஒருவரிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. "டீசல் குடிக்கிறது, முதுகை முறிக்கிறது, விற்றுவிடுங்கள்" என்பார் அவர் மனைவியார். 2020 அக்டோபரில் நகரை வெள்ளம் சூழ்ந்த இரவு, தெருவில் மற்ற வண்டிகள் நின்றுவிட்டன. மூச்சுத் திணறிய அண்டை வீட்டு மூதாட்டியை அந்த ஜீப்தான் மருத்துவமனை சேர்த்தது. நீரினின்று மேடேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்து மிதித்து உலர்த்திக்கொண்டே ஓட்டியதாக அன்பர் கூறுவார். மூதாட்டி நலமுடன் திரும்பினார்.

விற்கும் பேச்சு பிறகு எழவேயில்லை. இப்போது வாரந்தோறும் அதைத் துடைத்து வைப்பவர் அந்த அம்மையாரே.