நான்ஸ்டிக்கில் பிடிக்கும் வெள்ளை உப்பு

போர் தண்ணீர் புழங்கும் வீடாக இருந்தால், எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரின் நான்ஸ்டிக் உள்பாத்திரத்தைக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில், கறுப்புப் பூச்சின் மேல் வட்டவட்டமாக ஒரு வெள்ளைப் படலம் தெரியும். விரலால் தடவினால் நறநறக்கும், சோப்புக்கு அசையாது. அடுத்து கை தானாகக் கம்பி நாரை எடுக்கும். பாத்திரம் பாழாவது அப்போதுதான்.

அந்த வெள்ளையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் இதே சரக்குதான். நிலத்தடி நீரில் இது பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விட, மிச்சம் கார்பனேட்டாகிப் படிந்துவிடுகிறது. சர்க்கரை சூடான தண்ணீரில் அதிகம் கரையும். இது நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைவது குறையும். அதனால்தான் சூடு முதலில் ஏறும் அடிப்பாகத்தில் பிடிக்கிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படி 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் முழுக்க வற்றினால் அரை கிராமுக்கு மேல் உப்பு மிஞ்சும். தினமும் சோறு வடிக்கும் பாத்திரத்தில் இது எவ்வளவு சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி பூச்சுக்கு வருவோம். நான்ஸ்டிக் பூச்சான டெஃப்லானை 1938இல் டுபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். குளிர்பதன வாயு தேடிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்தது வழவழப்பான ஒரு வெள்ளைப் பொடி. சமையலறையில் இருக்கும் எந்த அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அது மெத்தென்ற பொருள். பாத்திரத்தில் அதன் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சுரண்டினால் போயிற்று. உப்புப் படிவின் கதையோ வேறு: சுரண்டலுக்கு அடம்பிடிக்கும், அமிலத்துக்கு உடனே இளகும். ஆக, கை செய்கிற வேலையை வினிகரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, கறை மூழ்கும்வரை ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்க வைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் திட்டுகளின் மேல் கடுகைவிடச் சின்னக் குமிழிகள் கிளம்பும். கார்பனேட் கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அரை மணி நேரம் கழித்து மென்மையான ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். படிவு கெட்டியாக இருந்தால் பழைய கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், ஏனென்றால் கரைக்கக் கரைக்க அமிலம் தீர்ந்துபோகும். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும்.

வினிகரோடு ஆப்ப சோடாவையும் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். நுரை பொங்கும், பார்க்க அழகாயிருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிட, கறைக்கு எதுவும் மிஞ்சாது. சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தனியாகப் பூசினால், பழுப்பாய்ப் பிசுபிசுக்கும் எண்ணெய்க் கறைக்கு ஓரளவு உதவும். அது வேறு நோய், வேறு மருந்து. விளக்கு தேய்க்கும் புளியும் இங்கே வேண்டாம், நாரும் கொட்டையும் கீறிவிடும். கழிப்பறை கழுவும் அமிலத்தைச் சமையல் பாத்திரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தண்ணீர் தானாகக் காய்ந்தால் அதிலுள்ள உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். எனவே கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைத்து வையுங்கள்.

பூச்சு உரிந்து உள்ளே அலுமினியம் பளிச்சிடும் பாத்திரத்தில் மட்டும் வினிகரை ஊற வைக்காதீர்கள். அமிலம் அந்த உலோகத்தை அரிக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது, புதிதாக வாங்கிவிடுங்கள்.