காம்பராவில் பூஞ்சணம்: துடைத்தால் மட்டும் போதுமா?

மழைக்காலத்தில் லயங்களுக்குப் போனால் நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "போன கெழமதாங்க செவுத்தத் தொடைச்சேன். இன்னைக்குப் பாத்தா மறுபடியும் கறுப்பாப் பூத்துக் கெடக்கு. எத்தன தடவதான் தொடைக்கிறது?"

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தாய் இப்படிச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற மாமியார் சும்மா இருக்கவில்லை. "வீட்டச் சுத்தமா வச்சிருந்தா ஏன் பூசணம் புடிக்குது?" என்றார். மருமகள் தலையைக் குனிந்து கொண்டார்.

நாங்கள் காம்பராவுக்குள் போய்ப் பார்த்தோம். தரை நன்றாகக் கூட்டியிருந்தது. பாய் படுக்கை ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் கட்டிலுக்குப் பின்னால் சுவரைத் தொட்டால் கை நனைந்தது. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தோம். மலைப்பக்கத்துக் கான் மண்ணால் நிரம்பி, மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் அதே சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த மருமகள் இன்னும் நூறு தடவை துடைத்தாலும் அந்தச் சுவர் கறுக்கத்தான் செய்யும்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இதுதான். பூஞ்சணம் அழுக்கினால் வருவதல்ல, ஈரத்தினால் வருவது. அதைத் துடைப்பது பாதி வேலை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது மீதிப் பாதி.

பூஞ்சணம் என்பது என்ன?

அது ஓர் உயிர். காளான் இனத்தைச் சேர்ந்தது. அதன் விதை போன்ற நுண்ணிய வித்துகள் எந்த நேரமும் காற்றில் மிதந்து கொண்டிருக்கின்றன. நமது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த சுவரில் விழுந்தால் அவை சும்மா கிடக்கும். நனைந்த இடத்தில் விழுந்தால் ஓரிரு நாளிலேயே முளைக்கத் தொடங்கும்.

அதற்குச் சாப்பாடும் வேண்டும். கடதாசி, பலகை, துணி, தோல், மா, சவர்க்கார அழுக்கு எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். சுவர் அழகாக இருக்கட்டும் என்று கோதுமை மாப் பசை காய்ச்சிப் பத்திரிகைத் தாள் ஒட்டுகிறோம் அல்லவா? ஈரச் சுவரில் அது பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தது போல. அப்படி ஒட்டிய தாள் கறுத்திருந்தால் முழுவதையும் உரித்து எடுத்துவிடுங்கள்.

வித்துகளை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. சாப்பாட்டையும் முழுதாக இல்லாமல் செய்ய முடியாது. நமது கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

உடம்புக்கு என்ன செய்யும்?

2009ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, சுவாச நோய், ஆஸ்துமா என்பன கூடுதலாக வருகின்றன என்று அது சொல்கிறது. சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், முன்பே இழுப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கே பாதிப்பு அதிகம்.

எல்லா இருமலுக்கும் சுவரையே குற்றம் சொல்லவும் கூடாது. விறகுப் புகையும் இழுப்பைக் கூட்டும். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது இருமலோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய்ச் சளியைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். அது காசநோயாகவும் இருக்கலாம்.

ஈரம் வரும் மூன்று வழிகள்

மேலிருந்து வருவது: ஓட்டைத் தகரம், விலகிய தகரம், உடைந்த கூரைப் பீலி. சுவரின் மேற்பக்கம் கறுத்து, கறை கீழே வழிந்திருந்தால் கூரையைப் பாருங்கள்.

கீழிருந்து வருவது: அடைபட்ட கான், சுவரோடு சேர்த்துக் கொட்டிய மண், சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் நனைந்து, சீமெந்துப் பூச்சு உதிர்ந்தால் அது நிலத்து ஈரம். கானின் அடிமட்டம் வீட்டுத் தரையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும்.

உள்ளேயே உண்டாவது: இதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நாம் விடும் மூச்சிலே ஈரம் உண்டு. கொதிக்கும் சோற்றுப் பானையிலும், குளிக்கச் சுட வைக்கும் தண்ணீரிலும், காயப் போட்ட துணியிலும் உண்டு. கேஸ் அடுப்பில் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லீட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடியும்போது ஏறக்குறைய இருபது லீட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும்! இந்த ஆவி குளிர்ந்த சுவரிலும் தகரத்திலும் பட்டதும் திரும்பத் தண்ணீராகிறது. "ராத்திரியில தகரம் வேர்க்குது, மழையே இல்ல, ஆனா சொட்டுது" என்று சொல்கிறோமே, அது இதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் கதவைச் சாத்திப் படுத்தால் இது நடக்கத்தான் செய்யும். இஸ்தோப்பை அடைத்துக் காம்பராவாக்கிய வீடுகளில் காற்றுப் போக வழி இன்னும் குறைவு.

எந்த ஈரம் என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை செய்யலாம். ஓர் அடிச் சதுரத்துக்குப் பொலித்தீன் துண்டு ஒன்றை வெட்டி, சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பினால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவர் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம் பக்கம் நனைந்திருந்தால் அது காம்பராக் காற்றிலுள்ள ஈரம்.

எப்படி அகற்றுவது?

1. நல்ல வெயிலடிக்கும் நாளைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளைகளையும் இழுப்புக்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவு யன்னலைத் திறந்து வையுங்கள். மூக்கையும் வாயையும் தடித்த துணியால் கட்டி, கையுறை போட்டுக் கொள்ளுங்கள்.

2. காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் கூட்டவே வேண்டாம். வித்துகள் வீடெல்லாம் பறக்கும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, பழந்துணியால் வழித்து எடுங்கள். அந்தத் துணியைத் திரும்பப் பாவிக்காமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

3. சீமெந்து, டைல்ஸ் போன்ற கெட்டியான இடங்களுக்கு பிளீச்சிங் பவுடர் பாவிக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லீட்டர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கலக்கி, தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பலகைக்கு இது சரிவராது. மேலே வெளுக்கும், உள்ளே வேர் இருக்கும். பலகையில் வினாகிரியைத் தண்ணீர் சேர்க்காமல் பூசி, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துக் காய விடுங்கள்.

4. மிக முக்கியம்: பிளீச்சிங் பவுடரோடு வினாகிரியையோ, கக்கூசு கழுவும் அசிட்டையோ, வேறு எந்த மருந்தையுமோ சேர்க்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் நச்சு வாயு நெஞ்சை அடைக்கும். சின்னக் குளியலறைக்குள் உயிருக்கே ஆபத்தாகும்.

5. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளையடிக்க வேண்டும். கறுப்புக்கு மேலே பெயின்ட் அடித்தால் பூஞ்சணம் சாகாது, சில கிழமையில் பெயின்டையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பழைய லயச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருத்தம். சுண்ணாம்பில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது, சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறும். மெல்லியதாக இரண்டு பூச்சு அடியுங்கள். கண்ணில் படாமல் கவனம். சுண்ணாம்பு அடித்த சுவரில் வினாகிரி பூச வேண்டாம், சுண்ணாம்பு கரைந்துவிடும்.

6. அஸ்பெஸ்டஸ் கூரையைத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

கறுப்புப் பிடித்த இடம் மூன்றடிக்கு மூன்றடியை விடப் பெரிதாக இருந்தால், அது துடைத்துத் தீரும் விஷயமல்ல. தோட்டத்துக்கு அறிவித்துக் காரணத்தைத் திருத்த வேண்டும்.

குளிக்கிற இடத்தில்

புதிய வீடுகளில் குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வசதிதான். ஆனால் ஆவியும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. குளிக்கும்போது காம்பராப் பக்கத்துக் கதவைச் சாத்துங்கள். குளித்து முடிந்ததும் தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, வெளிப்பக்க யன்னலைத் திறந்து விடுங்கள். நனைந்த துவாயை அங்கேயே தொங்க விடாதீர்கள். கிழமைக்கு ஒரு தடவை மூலைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் கறுப்பு ஏறாது. ஒழுகும் பைப்பை உடனே திருத்துங்கள்.

படுக்கிற காம்பராவில்

மலையில் வேலை முடிந்து வரும்போது கம்பளியும் றப்பர் சீட்டும் படங்கும் தண்ணீர் சொட்டும். அவற்றைக் காம்பராவுக்குள் கொண்டுவர வேண்டாம். இஸ்தோப்பில் கம்பி கட்டித் தொங்க விடுங்கள். இஸ்தோப்பு இல்லாதவர்கள் குசினி அடுப்புக்கு மேலே, நெருப்புப் படாத தூரத்தில், புகை வெளியேறும் பக்கமாகப் போடலாம்.

கட்டில், அலுமாரி, ட்ரங்குப் பெட்டி ஆகியவற்றைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்று ஓடினால் பூஞ்சணத்துக்கு இடமில்லை. மெத்தையை வெறுந்தரையில் போடாமல் பலகைக்கு மேல் போடுங்கள். வெயில் கண்ட நாளில் மெத்தை, தலகாணி, பாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் காய விடுங்கள். உள்ளே வரை கறுத்த பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற முடியாது. அதில் பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டாம்.

"யன்னலத் தொறந்தா பனி உள்ள வந்துருமே" என்பார்கள். வரும்தான். ஆனால் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றில் உள்ள ஈரத்தை விட, பலர் படுத்த, சோறு வடித்த காம்பராவின் சூட்டுக் காற்றில் ஈரம் அதிகம். ஆகவே காலையில் எழுந்ததும், சமைக்கும்போதும், சாரல் அடிக்காத பக்கத்து யன்னலைப் பத்து நிமிடமாவது திறந்து வையுங்கள். எதிரெதிராகக் கதவும் யன்னலும் திறந்தால் இன்னும் நல்லது. பழைய இரட்டை லயங்களில் பின்பக்க யன்னல் கிடையாது. அங்கே கதவுக்கு மேலே காற்றுத் துவாரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பெட்டிக்குள் இருக்கும் கடதாசிகள்

பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதிக் கடதாசி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் ட்ரங்குப் பெட்டியில்தான் இருக்கும். பிரஜாவுரிமைக்காக நம்மவர்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பதை நாம் மறக்க முடியாது. அந்தக் கடதாசி சுவர் ஈரத்தில் அழிய விடலாமா? பெட்டியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். மாதம் ஒரு தடவை வெயில் நாளில் திறந்து, கடதாசிகளை நிழலில் காற்றாட வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஈரத்தோடு உறையில் போட்டால் உள்ளேயே பூத்துவிடும். பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரமாக இருக்கையில் தேய்க்காதீர்கள், எழுத்துப் போய்விடும். காய்ந்த பிறகு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாசிக்க முடியாமல் போனால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம்.

யார் செய்வது, எப்போது செய்வது?

கினிகத்தேனைப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. அது கொழும்பு மழையைப் போல இரண்டு மடங்கு. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை பெருமழை. ஆகவே ஏப்ரலிலேயே கானையும் கூரையையும் பார்த்துவிட வேண்டும். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்தில் வருடக் கடைசியில்தான் மழை கனக்கும். அங்கே செப்டெம்பரில் பாருங்கள்.

காற்று விடுவது, படுக்கை காய வைப்பது, துடைப்பது எல்லாம் வீட்டு வேலை. அதை அம்மா தலையில் மட்டும் கட்டாமல் ஆண்களும் பங்கெடுக்க வேண்டும். கூரை, பெரிய கான், பீலி ஆகியவை ஒரு வீட்டால் தீராதவை. லயத்தில் உள்ள எல்லாரும் சேர்ந்து, எந்த இலக்கக் காம்பராவில் எங்கே ஒழுகுகிறது என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்திட்டுத் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். நலன்புரி உத்தியோகத்தருக்கும் மாதர் சங்கத்துக்கும் தெரியப்படுத்துங்கள். "தனியாப் போய்ச் சொன்னா நாளைக்கு வான்னு சொல்லுவாங்க" என்பது உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்து அப்படியல்ல.

டிக்கோயாப் பக்கத்து அந்த லயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலிபர்கள் மண்வெட்டியோடு இறங்கிக் கானைச் சுத்தம் செய்தார்கள். சுவர் காய ஆறு கிழமை போனது. பிறகு சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்த மழைக்கு நாங்கள் போனபோது, கட்டிலுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னவர் அந்த மாமியார்தான். "பாருங்க ஐயா, காஞ்சு கெடக்கு. நான்தான் புள்ளய அநியாயமா ஏசிப்புட்டேன்" என்றார்.

உங்கள் காம்பராச் சுவரும் கறுத்திருந்தால், யாரையும் ஏசுவதற்கு முன்னால் ஒரு தடவை வெளியே சுற்றிப் போய்ப் பாருங்கள்.