உறைந்த ஏரியில் ஓடிய லொறிகள்

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றைப் படிப்போர் படைத்தலைவர்களின் பெயர்களை நன்கறிவர். மாமூடை ஏற்றிச் சென்ற லொறிச் சாரதிகளை அறிவார் மிகச் சிலரே. 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி, ஜெர்மானியப் படைகள் சோவியத்து நாட்டின் லெனின்கிராட் நகருக்குச் செல்லும் தரைவழிகள் யாவற்றையும் அடைத்துவிட்டன. எஞ்சியது கிழக்கே பரந்து கிடந்த லடோகா ஏரி ஒன்றே. நவம்பர் 20ஆந் திகதி தொடக்கம் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் பாண். குழந்தைகள் உட்பட ஏனையோர்க்கு 125 கிராம். அதிலும் மாவல்லாத கலப்புப் பொருள்கள் பல இருந்தன.

ஏரி உறைந்தால் படகு ஓடாது. நன்கு உறையாவிடில் லொறி ஓடாது. பாரமேற்றிய லொறியைத் தாங்குதற்குப் பனிக்கட்டி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் தடித்திருத்தல் வேண்டும். அதுவரை பொறுத்திருக்கப் பசித்த நகருக்குப் பொழுதில்லை. முதலிற் குதிரைகள் இழுத்த சறுக்குவண்டிகள் சென்றன. நவம்பர் 22ஆந் திகதி 60 லொறிகள் ஏரியைக் கடந்து, மறுநாள் 33 தொன் மாவுடன் மீண்டன. அவை 'பொலுத்தோர்க்கா', அதாவது ஒன்றரைத் தொன் வண்டி எனப் பெயர்பெற்றவை. ஆயினும் ஒவ்வொன்றும் கொணர்ந்தது அரைத் தொன்னுக்குச் சற்று மேல். பனிக்கட்டி இடங்கொடுத்த அளவு அவ்வளவே.

பனிமேற் பாதையின் நீளம் சுமார் 30 கிலோமீற்றர். வண்டி அமிழின் உடனே வெளியே குதிக்கும்பொருட்டுச் சாரதிகள் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தனர். கழற்றி எறிந்தாரும் உளர். குளிரோ பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகைவரை இறங்கும். குளிரில் விறைப்பதா, நீரில் மூழ்குவதா என்ற இரண்டில் முன்னையதை அவர்கள் தெரிந்துகொண்டனர் எனலாம். 'ஒவ்வொரு லொறியும் நாளொன்றுக்கு இருமுறை' என்பது அக்காலத்துக் கட்டளை. உறக்கம் கண்ணை அழுத்தும்போது விழித்திருக்க, சிலர் தலைக்கு நேர்மேலே ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டனர். வண்டி குலுங்குந்தோறும் அது கலகலவென ஒலித்துத் தலையிலும் இடிக்கும். குண்டு விழுந்த குழிகளோ மெல்லிய பனியால் மூடப்பட்டு, புதியவன் கண்ணுக்குப் புலப்படா. வழிகாட்ட இலாந்தருடன் பனியில் நின்றவருட் பலர் இளம்பெண்கள்.

இங்கே ஒரு புதிர் தோன்றிற்று. நிறைபாரத்துடன் நகரை நோக்கி வந்த லொறிகள் தப்பிவிட, மக்களை ஏற்றி இலேசாகத் திரும்பிய லொறிகள் சில அமிழ்ந்தன. லெனின்கிராட் பௌதிக தொழினுட்ப நிலையத்தைச் சேர்ந்த பாவெல் கொபெக்கோ என்பாரும் அவர்தம் துணைவரும் பனிக்கட்டியின் வளைவை அளக்குங் கருவிகளை ஏரியில் நிறுவி ஆராய்ந்தனர். மிதக்கும் பனிக்கட்டி பாரத்தின்கீழ்ச் சிறிது தாழ்கிறது. வண்டி நகர, அத்தாழ்வும் ஓர் அலையாய் உடன் நகர்கிறது. அவ்வலைக்கு இயல்பானதொரு வேகம் உண்டு. அங்கே அது மணிக்கு 35 கிலோமீற்றர் அளவினதெனக் கண்டனர். வண்டியும் அதே வேகத்தில் ஓடினால் அலை வளர்ந்து வளர்ந்து பனியை முறித்துவிடும். கல்லூரி ஆய்வுகூடத்தில் இசைக்கவரை வைத்துப் பரிவு என்பதைச் செய்துபார்த்த பழைய மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே கொல்வது பாரம் மட்டுமன்று, வேகமுமாம். வட கனடாவிலே சுரங்கங்களின் பொருட்டு 1982இல் முதன்முதல் அமைக்கப்பெற்ற பனிப்பாதையிலும், பாரமேற்றிய லொறி ஏரிகளின்மேல் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டலாகாது என விதித்தமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் எதிரியின் விமானம் தலைக்குமேல் வட்டமிடும்போது மெல்லச் செல்லெனல் எளிது, செல்வதன்றோ அரிது! விதியைக் காப்பதா, உயிரைக் காப்பதா என்று கணப்பொழுதில் தீர்க்கவேண்டிய நிலை சாரதிக்கே உரியதாயிற்று.

டிசெம்பர் 25ஆந் திகதி தொழிலாளியின் பாண் 350 கிராமாகவும் ஏனையோரது 200 கிராமாகவும் உயர்ந்தது. அதற்குள் பசியால் மாண்டோர் பல்லாயிரவர். அக்குளிர்காலம் முழுவதிலும் 3,61,000 தொன் பொருள்கள் ஏரியைக் கடந்து வந்தன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நகரினின்றும் வெளியேறினர். ஏப்பிரில் மாதம் பனி உருகத் தொடங்கவே, பாதையின்மேல் நீர் நின்றது. வழி தெரியாத அந்நீரில் சக்கரங்கள் அமிழ அமிழ லொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1942 ஏப்பிரில் 24ஆந் திகதியே அப்பாதை மூடப்பட்டது.