இயங்கும் கணினியை அறிதல்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 2005இல் ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கிய பின்னர் எமது ஏடுகள் பல வன்தட்டுகளிலும் வாழ்கின்றன. அவற்றைத் தாங்கும் பொறியின் உள்ளுறுப்புகளை விற்பனையாளர் சொல்லியே நாம் அறிதல் வேண்டுமா? கருவியைக் கையாள்வோர் கருவியறிவினின்றும் அந்நியப்படுவது இவ்வாறுதான்.

யுனிக்ஸ் மரபைப் பின்பற்றும் லினக்சில், பொறியை நிறுத்தாமலும் திறவாமலும் அவற்றை அறியலாம். ‘புரொக்’ என்னும் அடைவு தட்டில் இருப்பதன்று. நாம் வாசிக்கும் கணத்திலேயே கருனி ஆக்கித் தருவது. அதனுள் ‘சிபியுஇன்போ’ செயலியையும் ‘மெம்இன்போ’ நினைவகத்தையும் கூறும். (கருனி தனக்கென ஒதுக்கியது கழிய எஞ்சியதே அங்கு மொத்தமாகக் காணப்படும், விற்றவரை ஐயுற வேண்டியதில்லை.) ‘டிஎம்ஐடிகோட்’ என்னும் கட்டளை தருவதோ உற்பத்தியாளர் பதிந்துவைத்த விபரம், பதிப்பாசிரியர் முகவுரையைப் போல அதனையும் ஒப்புநோக்கியே ஏற்றல் தகும். ஆவணங் காப்போர் முதலில் நாடவேண்டியது ‘ஸ்மார்ட்சிடிஎல்’. தட்டில் பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையை அது காட்டும்.