மங்கோலியர் காலத்துக் காசு

சீன நாணயம் சேகரிக்கும் அன்பர்களுக்கு சோங் மன்னர்களின் செப்புக் காசுகள் சுலபமாகக் கிடைக்கும். அவர்களை வென்று ஆண்ட மங்கோலியரின் காசுகளோ அரிது. காரணம், காகிதம்!

குப்ளாய்கான் 1260-ல் நோட்டு வெளியிட்டார். நாளடைவில் அதுவே பிரதான நாணயமாயிற்று. அவருடைய கொள்ளுப்பேரன் கைஷான் 1310-ல் பெரிய செப்புக் காசு அடித்தார். ஒன்று பத்துக் காசுக்குச் சமம். அதில் உள்ளவை திபெத்திய லாமா பாக்ஸ்பா வகுத்த சதுர எழுத்துக்கள். மறு ஆண்டே கைஷான் இறந்தார். காசு அடிப்பதும் நின்றது.

பின்னர் நோட்டுகள் கணக்கின்றி அச்சாகி, விலைவாசி ஏறியது. 1368-ல் ஆட்சியும் கவிழ்ந்தது.

அரிய பொருளுக்குப் போலியும் அதிகம். நடைபாதைக் கடையில் இக்காசு மலிவாகக் கிடைத்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுக்குமுன், விவரம் அறிந்தவரிடம் காட்டுவது நல்லது.