மேசைத்தளப் படவுருக்களின் அளவும் பெயரும்: முத்துச் சல்லடையை முன்வைத்து

கணினித் திரையில் ஒரு செயலையோ கோப்பையோ பயன்பாட்டையோ சுட்டும் சிறுபடம் படவுரு எனப்படும். தமிழ்க் கணிமையில் கலைச்சொல்லாக்கமும் எழுத்துருவும் பெற்ற கவனத்தைப் படவுரு பெறவில்லை. சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களில் பட்டிச் சொற்களைத் தமிழாக்குவது போலவே படங்களையும் மாற்றியமைக்க இயலும். அதற்குத் துணைநிற்பது கோப்புக்குப் பெயரிடும் முறையே.

தூத்துக்குடிக் கடற்கரையின் பழைய முத்துச் சலாபங்களில் அளவும் தரமும் தனித்தனியே கணிக்கப்பட்டன. 20 முதல் 1000 வரை எண்ணிட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகள் முத்தின் பருமனைப் பிரித்தன. ‘ஆணி’ என்னும் பெயரோ உருட்சியும் ஒளியும் நிறைந்த முத்துக்கு உரியது; வெவ்வேறு சல்லடைகளில் தங்கியவற்றுள்ளும் ஆணி முத்து உண்டு. படவுருத் தொகுதியின் அமைப்பும் இத்தகையதே. 16, 22, 32, 48 படப்புள்ளி எனும் அளவுகள் கோப்புறைகளுக்கு உரியவை. கோப்பின் பெயர் எல்லாக் கோப்புறைகளிலும் ஒன்றே.

அப்பெயர் படத்தின் தோற்றத்தை அன்றிப் பொருளைச் சுட்ட வேண்டும் என்பது ஃபிரீடெஸ்க்டாப் அமைப்பின் பெயரிடல் வரையறை. ஒலியளவைக் காட்ட ஒலிபெருக்கிக்கு மாற்றாகச் சங்கை வரையும் ஒருவர் கோப்புக்குச் ‘சங்கு’ எனப் பெயரிட்டால், எந்த நிரலும் அதைத் தேடி வராது. நிரல் தேடுவது ‘ஆடியோ-வால்யூம்-ஹை’ என்பதையே. இடைக்கோடு இங்கே பொதுமையிலிருந்து சிறப்புக்குச் செல்லும் படி. ‘இன்புட்-மவுஸ்-யுஎஸ்பி’ கிடைக்காதபோது ‘இன்புட்-மவுஸ்’ என்பதைக் கொண்டு நிரல் அமையலாம். தொகுதியிலும் அதன் மூலத் தொகுதிகளிலும் இல்லாத படம் இறுதியாக ‘ஹைகலர்’ என்னும் பொதுத் தொகுதியில் தேடப்படும். இவ்வொழுங்கு தொடக்கத்திலேயே இருந்ததன்று. சேமித்தலுக்குக் கேடீஈ 3 ‘ஃபைல்சேவ்’ என்றும் குனோம் ‘ஜிடிகே-சேவ்’ என்றும் பெயர் வைத்திருந்தன. ஒரே படத்தை இரு பெயர்களில் படியெடுக்க வேண்டியிருந்தது. 2008-இல் வெளியான கேடீஈ 4 பொதுப்பெயரான ‘டாக்குமென்ட்-சேவ்’ என்பதை ஏற்றது.

பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அமைய வேண்டும் என்னும் விதி தமிழ் ஆய்வாளருக்கு உறுத்தலாகலாம். ஆயின் அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ‘கோப்பு’ என்னும் சொல்லின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டுகளை ஒப்பிடும் கோப்பு முறைமைக்கோ அவை இரு வேறு பெயர்கள். படம் இருந்தும் அகப்படாது. பயனர் காணும் தமிழ்ப் பெயருக்கு உரிய இடம் பயன்பாட்டின் ‘டெஸ்க்டாப்’ பதிவுக்கோப்பு. ‘டிஏ’ என்னும் மொழிக்குறியிட்ட வரியில் அதனைத் தடையின்றித் தமிழில் எழுதலாம்.

வரைதலில் பெரிய படத்தைச் சுருக்கிச் சிறியதாக்குவது போதாது. 48 புள்ளியில் தெளியும் சங்கின் புரிகள் 16 புள்ளியில் கறையாகிவிடும். அங்கே புறக்கோட்டையும் வாயையும் மட்டும் புள்ளிக் கட்டத்தோடு பொருந்தப் புதிதாக வரைதல் வேண்டும். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கெனப் பெயரின் இறுதியில் ‘ஆர்டிஎல்’ சேர்த்த மாற்றுப்படத்தை அமைக்கவும் வரையறை இடந்தருகிறது. அதற்காகப் படத்தைக் கண்ணாடி பார்ப்பது போல் திருப்பிவிடுவது எளிய வழி. வலம்புரிச் சங்கை அவ்வாறு திருப்பினால் அது இடம்புரியாகிவிடும். தூத்துக்குடிச் சங்கு வணிகர் முதற்பார்வையிலேயே அதைக் கண்டுகொள்வர்.